நான் கேட்ட வெள்ளம்

கிழக்கே கடல் பக்கம் வானம் கறுத்தால் எனக்கு வேலை ஓடாது. அடுப்பை அணைத்துவிட்டுக் குளத்து மறுகால் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் நெஞ்சு அடங்கும். "நீ போய் நின்னு என்னத்த தடுக்கப் போற?" என்று வீட்டுக்காரர் கேட்பார். ஒன்றும் தடுக்கப் போவதில்லைதான். ஆனால் சிறுவயதில் அந்தத் தண்ணீரைக் கூப்பிட்டவள் நான்.

எங்கள் ஊர்க் குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் மறுகாலில் விழுந்து, ஓடையாகித் தெருவுக்குப் பின்பக்கமாகவே போய்த் தாமிரபரணியில் சேரும். சேர வேண்டும். ஆனால் ஓடையை ஒட்டி இருந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் வருஷத்துக்குக் கொஞ்சமாக வேலியைத் தள்ளித் தள்ளி, ஓடைக்குள்ளேயே வாழை வைத்திருந்தார்கள். திருட்டு என்று யாரும் நினைக்கவில்லை. ஊரே செய்கிற காரியத்துக்கு அப்படிப் பேர் வைக்க முடியுமா? நாங்களும் வைத்திருந்தோம். எங்களுடையது கடைசி. அதைத் தாண்டினால் ஆறு. எங்களுக்கு மேலே சித்தப்பாவின் வாழை.

ஒருநாள் பஞ்சாயத்து ஆபீசில் கூட்டம் போட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒருவர், உலகம் முழுக்க விடுகிற புகையால் கடல் சூடாகிறது, இனிமேல் மழை பையப் பையப் பெய்யாது, மாதக்கணக்கில் பெய்ய வேண்டியது மொத்தமாகக் கொட்டிவிடும் என்று பேசினார். மற்றவர்கள் டீ குடித்தார்கள். அப்பா மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

ஐப்பசி பிறக்குமுன் அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடைக்குள் இறங்கி, எங்கள் வாழைகளை வெட்டிப் போட்டார். சிலது அப்போதுதான் பூத்தள்ளியிருந்தது. அம்மா அந்தப் பூவைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு, "ஊரு பூரா சும்மா இருக்கு. இவுகளுக்கு மட்டும்தான் கடலு சுடுதாக்கும்" என்றாள்.

சித்தப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார். "ஏண்ணே, உலகத்துல அவனவன் புகைய விடுதான். நீ நாலு வாழைய வெட்டுனா கடலு குளுந்துருமா?"

"கடலு குளுராதுலே. தண்ணி போவும்."

"எப்படிப் போவும்? என் வாழையத் தாண்டி வந்தால்லா உன் எடத்துக்கு வரும்!"

அப்பா அடுத்த வாழையை வெட்டினார். சித்தப்பா சொன்னது உண்மைதான் என்று எனக்கே தெரிந்தது. அதுதான் அதிக அவமானமாக இருந்தது.

பள்ளிக்கூடத்துக்கும் இந்தக் கதை என்னோடு வந்தது. "ஏட்டி, உங்கப்பா கப்பல் கட்டுதாராமே, எனக்கு ஒரு சீட்டு போட்டு வையி" என்பார்கள். அப்பா எனக்குச் சோற்றுவாளி கொண்டுவந்தால், வேறு யாருக்கோ வந்ததுபோலத் தூணுக்குப் பின்னால் நிற்பேன். ஐப்பசி முழுக்க வெயில் சுட்டெரித்தது. மழை பெய்யாத ஒவ்வொரு நாளும் நாங்கள் தோற்ற நாள். சாயங்காலமானால் அப்பா ஓடைக்கரையில் நின்று கிழக்கேயே பார்த்துக்கொண்டிருப்பார். பாவம், என்னைப் போலவே மழைக்குத்தான் காத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

எங்கள் கோயிலில் ஞாயிறு பள்ளி முடியும்போது, பாடம் எடுக்கிற அக்கா பிள்ளைகளிடம் ஜெபக் குறிப்பு கேட்பார்கள். ஒரு ஞாயிறு, ஒருவன் காணாமல் போன ஆட்டைச் சொன்னான். ஒருத்தி அவள் தாத்தாவின் மூட்டுவலியைச் சொன்னாள். நான் எழுந்து நின்று, "வெள்ளம் வரணும்க்கா" என்றேன்.

"என்னது?"

"எங்கப்பா சொன்னது நிசமாவணும். அதுக்கு மறுகால் பொங்கணும். எங்க எடத்துல மட்டும் தண்ணி ஒழுங்காப் போவணும். மத்த எடத்துல வீட்டுக்குள்ள ஏறணும்."

அக்காவின் வீடும் ஓடைக்கரையில்தான் இருந்தது. அவர்கள் கண்ணை மூடவும் இல்லை, ஜெபிக்கவும் இல்லை. நான் வீட்டுக்குப் போகுமுன் செய்தி போய்விட்டது. அக்காவின் அம்மா எங்கள் வாசலில் நின்று, "ஏட்டி, எங்க வீடு முங்கணும்னா ஜெபிக்க? இதத்தான் ஒங்கப்பா சொல்லிக் குடுத்தாரோ?" என்று கத்தினாள்.

அப்பா அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "வாம்மா" என்று என் கையைப் பிடித்தார். ஓடைக்கரையில் ஒரு வீடு விடாமல் கூட்டிக்கொண்டு போனார். "புள்ள தெரியாம பேசிட்டா, மன்னிச்சுக்கிடுங்க" என்று கும்பிடுவார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அவர்கள் கொஞ்சம் இளகியதும், கும்பிட்ட கையை இறக்காமலே, "அந்த வாழைய மட்டும் ஓடையிலேருந்து எடுத்துருங்களேன்" என்பார். எனக்கு உடம்பே கூசியது. மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் இப்படியா பிச்சை கேட்பார்கள்?

எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். "எல்லாரும் எடுக்கட்டும், நாங்களும் எடுக்கோம்."

கடைசியாகச் சித்தப்பா வீடு. "மத்தவன்லாம் வெட்டட்டும்ணே. கடைசியா நான் வெட்டுதேன்."

"கடைசி ஆளா நிக்கத்தான் எல்லாவனும் வரிசையில நிக்கியளே" என்றார் அப்பா. "மொத ஆளு நான் இருக்கேன். எனக்கு ரெண்டாவது ஆளு ஒருத்தன்தாம்லே வேணும்."

சித்தப்பா எனக்கு ஒரு முறுக்கு கொடுத்து அனுப்பினார்.

இரண்டாவது ஆள் வரவேயில்லை. அப்பா காலமான பிறகு அந்த வீடுகளில் போய்க் கேட்க எனக்கும் வெட்கமாக இருந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவள் சொன்னால் யார் கேட்பார்கள் என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். பிறகு ஒரு மார்கழியில், அவர் சொன்னபடியே வானம் மொத்தமாகக் கொட்டியது. எங்கள் பக்கம் தண்ணீர் இறங்கிப் போயிற்று. சித்தப்பா வீட்டில் ஜன்னல் வரைக்கும் ஏறியது. நான் கேட்டது கேட்டபடியே நடந்தது. எங்கள் மாடியில் ஈர வேட்டியோடு உட்கார்ந்துகொண்டு, "ஒன் ஜெபம் பலிச்சிட்டுட்டி" என்று சித்தப்பா சிரித்தார். நான் அவருக்குக் காப்பி போடுகிற சாக்கில் கீழே இறங்கிப் போய்விட்டேன்.

அப்பாவோடு வீடு வீடாகப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை, சித்தப்பா வீட்டை விட்டு இறங்கித் தெருவுக்கு வந்தபோது தூறல் விழுந்தது. முதல் துளி என் நெற்றியில்தான் விழுந்தது. எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. அப்பாவின் கை என் கையை வலிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்தது. அவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை என்று நினைத்து நானும் இறுக்கிப் பிடித்தேன். அவர் உள்ளங்கை வேர்த்திருந்தது.

வீட்டு வாசலுக்கு வருவதற்குள் தூறல் நின்றுவிட்டது. கிழக்கே வெளுத்திருந்தது. அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பெரிதாக ஒரு மூச்சு விட்டார். ஏமாந்துபோய்விட்டார் என்று எனக்கு மனசு பொறுக்கவில்லை.

"கவலப்படாதீங்கப்பா" என்றேன். "நாளைக்குக் கண்டிப்பா வரும்."