வாட்ஸ்அப்பில் வந்த கத்திரிக்காய்

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. என் கைப்பேசிக்கு எங்கள் வீட்டுக் கத்திரிச் செடியின் படம் வந்தது. நல்ல படம்தான். ஊதாக் காய்கள் ஆறேழு, இலையெல்லாம் பச்சைப் பசேலென்று... ஆனால் எடுத்தது நான் இல்லை. என் வீட்டுக்காரரும் இல்லை.

எங்கள் தாமானின், அதாவது எங்கள் குடியிருப்பின், வாட்ஸ்அப் குழுவில் தேவி போட்டிருந்தாள். எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவள். படத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி: "மனுசனுக்குக் குளிக்கத் தண்ணி இல்ல. சிலர் வீட்ல கத்திரிக்காய்க்கு இருக்கு."

பெரிய குழாய் உடைந்து, வீட்டில் தண்ணீர் வராமல் அன்றைக்கு ஆறாவது நாள். மழையைப் பார்த்து ஐந்து வாரம். மழைக்குப் பேர்போன ஈப்போவிலா என்று கேட்காதீர்கள். எங்களுக்கும் அதே ஆச்சரியம்தான்.

அந்த ஒரு வரிக்குக் கீழே கட்டைவிரல்கள் வரிசையாக முளைத்துக்கொண்டிருந்தன. எங்கள் கோயில் திருவிழா அறிவிப்புக்குக்கூட அவ்வளவு விழுந்ததில்லை!

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே... ஏன் தெரியுமா? அந்தச் செடிக்குக் குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு போனதில்லை.

எங்கள் வீடு நிற்பது ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய இடம். கொல்லையில் மண் கிடையாது, வெறும் மணல். மதியம் செருப்பில்லாமல் கால் வைத்தால் துள்ளிக் குதிக்க வேண்டியதுதான். ஊற்றுகிற தண்ணீரை உறிஞ்சிவிட்டு, 'எப்போது ஊற்றினாய்?' என்று கேட்கும். பேக்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரர் மணியம், இதில்தான் காய்கறி போடப்போகிறேன், கடையில் இனிமேல் காயே வாங்கக்கூடாது என்றார். நான் சிரித்தேன். முதல் வருஷம் போட்டதெல்லாம் கருகியது. அப்போதும் சிரித்தேன்.

இரண்டாம் வருஷம் ஆள் மாறிவிட்டார். எல்லோரும் பாத்தியை மேடாகக் கட்டுவார்கள். இவர் ஒரு முழம் பள்ளமாகத் தோண்டினார். மேடு சீக்கிரம் காயும், பள்ளம் ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்றார். அடியில் அட்டைப்பெட்டி, பழைய சாக்கு. மேலே கோழி எருவும் சமையல் கழிவும். அதற்கும் மேலே, ரோட்டோரத்து லாலாங் புல்லை வெட்டிவந்து போர்வை மாதிரி போர்த்தினார். மண்ணை வெயில் பார்க்கவே கூடாதாம்.

அதோடு விட்டாரா? கண்ணாடி அலமாரியில் நான் அழகுக்கு வைத்திருந்த லாபு சாயோங் ஒன்று. கறுப்பு மண் குடுவை, கல்யாணத்துக்கு வந்தது. அதைக் கொண்டுபோய்க் கத்திரிச் செடிகளுக்கு நடுவே கழுத்துவரை புதைத்துவிட்டார். உள்ளே தண்ணீர் ஊற்றி வாயைச் சிரட்டையால் மூடினால், மண்குடுவை கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். வேர் தானாகத் தேடி வந்து குடித்துக்கொள்ளும். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் மாதம் கத்திரிக்காய் பறித்தபோது பேசினேன்.

தண்ணீருக்குக் கூரையிலிருந்து மழை பிடிக்கும் இரண்டு நீலத் தோங். ஆளுயரப் பீப்பாய்கள். வாஷிங் மெஷினின் கடைசி அலசல் தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர். இவ்வளவுதான். அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு தோங் காலி. இன்னொன்று முக்கால். மழை வரும்வரை செடிகளுக்கு உயிர்த்தண்ணீர் அதுதான்.

இதையெல்லாம் குழுவில் எழுதிவிடலாம் என்று விரலைத் தூக்கினேன்.

"சபார் லா கமலா, பொறுத்துக்க," என்றார் இவர். "எழுதாத. எழுதினா வளரும்."

"அப்போ நேரா போய்க் கேக்குறேன்," என்று கிளம்பிவிட்டேன். போகிற வழியில் நாலு வாக்கியம் தயார் செய்தேன். நாலும் நல்ல கூர்மையான வாக்கியங்கள்.

கதவு திறந்தே இருந்தது. தேவி நடுக்கூடத்தில் மண்டியிட்டிருந்தாள். கட்டிலில் அவள் மாமியார், பக்கவாதம் வந்து படுத்திருப்பவர். வாளியில் கால்வாசித் தண்ணீர். அதில் துணியை நனைத்துப் பிழிந்து, அந்த அம்மாளின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதுகில் இரண்டு இடத்தில் தோல் சிவந்து புண்ணாக ஆரம்பித்திருந்தது. மூலையில் அலசாத படுக்கை விரிப்புகள் குவிந்து கிடந்தன.

என் கையில் கைப்பேசி. அதை அவளும் பார்த்துவிட்டாள்.

"வாங்கக்கா," என்றாள். எழுந்திருக்கவில்லை. "தண்ணி லோரி வாரப்ப எனக்கு வேலை. பகல்ல பாத்துக்குற அக்கா இவங்கள விட்டுட்டு வரிசையில போய் நிக்க முடியாது. வீட்டுக்காரரு சிங்கப்பூர்ல. நேத்து வேல முடிஞ்சு வாரேன், உங்க வேலிக்கு அந்தப் பக்கம் பச்சையா இருந்திச்சி. வயிறு எரிஞ்சிருச்சிக்கா. போட்டுட்டேன்."

நாலு வாக்கியமும் எங்கே போயின என்று தெரியவில்லை. கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு, அந்த அம்மாளைப் புரட்டிவிட ஒரு கை கொடுத்தேன். ஆறு நாளாக மூன்று வீடு தள்ளி இது நடந்திருக்கிறது. நான் காய் பறித்து, படம் பிடித்து, என் அக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். அவர் கொல்லைப் பக்கம் போனார். தோங்கைத் தட்டிப் பார்த்தார். "பயறு இப்பதான் பூ வச்சிருக்கு," என்றார், என்னிடம் இல்லை, பொதுவாக. பாதி கொடுத்தால் போதுமே என்று என் நாக்கு நுனிவரை வந்தது. நல்லவேளை, அங்கேயே நின்றது.

"ரெண்டு வாளி எடு," என்றார். "சின்னது உனக்கு."

தோங்கின் அடி தெரியும்வரை எத்தனை நடை நடந்தோம் என்று எண்ணவில்லை. வாசலில் எங்களைப் பார்த்ததும் தேவி ஈரத் துணியோடு எழுந்து வந்தாள். "அண்ணே... இது உங்க செடிக்கு..."

"வெயில்ல கெடந்த தண்ணி. வெதுவெதுன்னு இருக்கு, அம்மாவுக்கு நல்லது," என்றார் இவர். "ஒண்ணு மட்டும் கேக்குறேன். குளிப்பாட்டுற தண்ணியக் கொட்டிராத. என் வாழைக்கு வேணும்."

"ஐயோ அண்ணே, அழுக்குத் தண்ணி!"

"வாழைக்கு மூக்கு இல்ல லா."

தேவி சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை பயற்றம்பூ எல்லாம் உதிர்ந்துவிட்டது. வெள்ளரிக் கொடி கயிறாகச் சுருண்டது. இவர் இரண்டையும் பிடுங்கி, வெட்டி, அதே பாத்திக்குப் போர்வையாகப் போட்டார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டில் மறுசோறு கேட்கவில்லை. கத்திரி நின்றது, குடுவையின் புண்ணியம். மரவள்ளியும் முருங்கையும் வறட்சி என்று ஒன்று வந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. வாழையோ புதுக் குருத்தே விட்டது!

வெள்ளிக்கிழமை குழாயில் தண்ணீர் வந்தது. முதலில் செம்மண் நிறம், அப்புறம் தெளிவு. அந்த அம்மாளின் முதுகுப் புண் ஆறத் தொடங்கியது. தேவி குழுவில் மன்னிப்பு என்று எதுவும் எழுதவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள். "அண்ணே, எங்க வீட்டுல தோங் எங்க வைக்கலாம்? கொஞ்சம் வந்து பாருங்களேன்," என்றாள். இவர் சாப்பிட்ட கையைக் கழுவியும் கழுவாமலும் கிளம்பிவிட்டார்.

யாரையும் நம்பாமல் நம் தேவையை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இந்தத் தோட்டமே ஆரம்பித்தது. இப்போதும் அது தப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

சொந்தக் காலில் நிற்க வேண்டியதுதான்... மூன்று வீடு தள்ளி நடந்து போகவும் அதே கால்தானே!