சத்தக்காவின் சம்பளம்

சத்தக்காவுக்கு மெல்லப் பேச வராது. பாதி ஆயுளைத் தறிக்கூடத்தில் கழித்தவள். இயந்திர இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே தொண்டை அப்படி ஆகிவிட்டது. கூடத்தை மூடியதும் பிள்ளை பார்க்கும் வேலைக்கு வந்தாள். இந்தக் குரலில் தாலாட்டா என்று குடியிருப்பே சிரித்தது. சிரிக்கட்டும்! இரண்டாம் மாடிக் கைக்குழந்தை, பெற்றவள் கொஞ்சினாலே வீறிடும். சத்தக்கா தொண்டையைத் திறந்து "ஆராரோ" என்றால் பெட்டிப்பாம்பாய் அடங்கும்.

அந்தத் தாய் மறுநாள் பார்சல் அலுவலகத்தில் திரும்பவும் வேலைக்குச் சேர வேண்டும். தவறினால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும். முன்பு வந்த ஆயாவிடம் குழந்தை பால்கூடக் குடிக்கவில்லை. சத்தக்காவை ஒரு வாரம் வெள்ளோட்டம் பார்த்தாயிற்று. சம்பளம் மட்டும் பேசவில்லை.

"எவ்வளவுக்கா எதிர்பாக்கறீங்க?"

"நான் என்னத்தச் சொல்றது கண்ணு? நீங்களே பாத்துக் குடுங்க!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் பால் புட்டி கழுவ அடுக்களைக்குப் போய்விட்டாள் சத்தக்கா.

ஒரு தொகையைச் சொல்லியிருந்தால் பேரம் பேசலாம். 'பாத்துக் குடுங்க' என்றால் என்ன பேசுவது?

கணவனும் மனைவியும் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தூங்கும் குழந்தை எழுந்துவிடக் கூடாதே என்று தொட்டிலோரம் உட்கார்ந்து குசுகுசுத்தார்கள். தொட்டில் கம்பியில் ஒரு சின்னக் கருவி. குழந்தை சிணுங்கினால் சத்தக்கா இடுப்பில் செருகியிருக்கும் இன்னொரு கருவியில் கேட்கும். இவர்களே வாங்கி மாட்டியதுதான். மறந்தே போனார்கள், புத்திசாலிகள்!

"மூணாவது மாடில ரெட்டைப் பிள்ளைங்களுக்கு ஆள் தேடறாங்க. அவங்க கூப்பிட்டுட்டா என் வேலை போச்சு. கொஞ்சம் கூடவே குடுத்துடலாங்க."

கணவன் டயர் கடைக் கணக்கன். விடுவானா? "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். போன ஆயாவுக்குக் குடுத்ததுல பாதி போதும்."

"பாதியா? மனசாட்சி இருக்கா உங்களுக்கு?"

"தறிக்கூடம் மூடிப்போச்சு. அந்தம்மா மக படிப்புச் செலவு வேற. இந்தத் தொண்டைக்கு யாரு வேலை குடுப்பா? அதுக்குப் போக்கிடம் ஏது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். மாதக்கடைசி, வாடகை, மருந்து எல்லாம் கண்முன்னே வந்தன. "அதுவும் சரிதான். எங்க போயிடப் போறாங்க" என்றாள் அந்த மகராசி.

சொல்லி வாய் மூடவில்லை, கருவியின் பச்சை விளக்கு கண்ணில் பட்டது. அடுக்களையில் குழாய்ச் சத்தம் நின்றிருந்தது. பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்று சும்மாவா சொன்னார்கள்?

"ஐயையோ!" என்று ஓடினாள். சத்தக்கா கழுவிய புட்டிகளை வரிசையாகக் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பிலிருந்த கருவி இப்போது மேடைமேல் இருந்தது.

"அக்கா, அவர் ஏதோ வாய் தவறி... எவ்வளவு வேணும்னாலும் சொல்லுங்க. ரெண்டு மடங்கு தரோம்க்கா!"

"அவர் சொன்னது கெடக்கட்டும். நீயும் சரின்னியே கண்ணு."

மெல்லத்தான் சொன்னாள். அந்தக் குரல் அவ்வளவு தாழ்ந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"மேல் மாடிக்காரங்க நேத்தே கூப்பிட்டாங்க. பாப்பா பழகிடுச்சு, விட்டுட்டு வரமாட்டேன்னேன். இப்ப ரெண்டு மடங்குங்கற. அது பிள்ளை பாக்கற கூலி இல்லம்மா. கேட்டத மறக்கறதுக்குக் கூலி. அந்த வேலை எனக்குத் தெரியாது."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். படியில் கீழே இறங்கவில்லை, மேலே ஏறினாள்.

சற்று நேரத்தில் குழந்தை விழித்து வீறிட்டது. கணக்கன் தூக்கி ஆட்டினான். அவள் புட்டியை வைத்தாள், தட்டினாள், கெஞ்சினாள். குழந்தை முகம் நீலம் பாரித்துக் கத்தியது. "நாளைக்கு நான் எப்படிப் போவேன்?" என்று அவளும் சேர்ந்து அழுதாள்.

அப்போது கூரையைத் துளைத்துக்கொண்டு மேல் மாடியிலிருந்து அந்தக் குரல் வந்தது. "ஆராரோ..."

குழந்தை சட்டென்று நிறுத்தியது. ஈரக் கண்ணோடு கூரையைப் பார்த்தது. விரல் வாய்க்குப் போனது.

கணக்கன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"பேசாதீங்க" என்றாள் அவள், விசும்பலை அடக்கிக்கொண்டு. "பாப்பாவுக்குக் கேக்கட்டும்."