கேமரா முன்னால் மைலிண்டா

இத்தாலிக்கு எதிர்க்கரையில், துர்ரெஸ் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கால் சென்டரில் எல்லோருக்கும் இரண்டு பெயர். என் பக்கத்து நாற்காலிக்காரிக்கு வீட்டில் மைலிண்டா, போனில் சில்வியா. இத்தாலியில் இருக்கும் கிழவர்களுக்கு மின்சார இணைப்பு விற்பதுதான் வேலை. அவள் கடலைத் தாண்டியதே இல்லை. சின்ன வயதில் இத்தாலி டிவி பார்த்துக் கற்ற மொழியை வைத்துக்கொண்டு, மிலானில் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்ப்பதாக வாய் கூசாமல் அளப்பாள். பக்கத்து நாற்காலியில் சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்த வாயாடி, வீட்டில் ஒருத்தியை ஒளித்து வைத்திருந்தாள். அவளுடைய அண்ணி எர்மிரா. விஷயம் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

மைலிண்டாவின் அண்ணன் பெட்ரித் மருந்துக்கடைக்காரன். கடைத்தெருவில் அவனைப் போல் பணிவானவன் இல்லை என்பார்கள். அவன் அடிப்பதெல்லாம் கதவைச் சாத்திய பிறகுதான். கடைசியாக அடித்ததில் எர்மிராவின் விலா எலும்பில் கீறல் விழுந்தது. ஓடினால் தேடிப் பிடித்துக் கொல்வேன் என்றும் சொல்லியிருந்தான். அவள் ஓடி வந்து நின்றது நாத்தனார் வீட்டில். பெட்ரித் ஊரெல்லாம் தேடினான், கூடப்பிறந்தவள் வீட்டைத் தவிர. நாத்தனார் போய் அண்ணியைக் காப்பாற்றுவாள் என்று எவன் நினைப்பான்? தலைநகரில் பெண்கள் காப்பகம் ஒன்றில் இடம் கேட்டிருந்தார்கள். அது கிடைக்கும் வரைக்கும் மூச்சுக் காட்டாமல் இருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனி எங்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னது. மேசையில் அவர்கள் தரும் கேமரா இருக்க வேண்டும். அறையும் வாசலும் அதில் தெரிய வேண்டும். சத்தமும் போகும். அதற்கு நாங்கள் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும்.

"கட்டாயமே இல்ல, உங்க இஷ்டம்தான்," என்றார் மேனேஜர். "போடாதவங்க திங்கக்கிழமைல இருந்து வர வேண்டாம், அவ்வளவுதான்."

இதுக்குப் பேர் இஷ்டமாம்!

மைலிண்டா எழுந்தாள். "நான் சம்மதிச்சா போதுமா சார்? வீட்டுல மத்தவங்களும் இருப்பாங்களே, அவங்க சம்மதம்?"

"நீங்க தனியாத்தானேம்மா இருக்கீங்க?" என்றார் அவர்.

இன்னொரு வார்த்தை பேசினால் சந்தேகம் வரும். பேசாமல் கையெழுத்துப் போட்டாள். அதைவிட ஆபத்து, அந்தக் கேமராக்களைப் பார்க்கும் வேலையில் இருந்தவன் இலிர், அவளுடைய சித்தப்பா மகன். பெட்ரித்துக்கும் அவன் தம்பி முறைதானே.

அவள் வீட்டில் குளிர்காயும் அடுப்பு இருப்பது ஒரே அறையில். மேசை போட வேறு இடமில்லை. அதனால் ஷிஃப்ட் முழுக்க எர்மிரா குளிர்ந்து கிடக்கும் படுக்கையறையில், போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். குளிர் சும்மா விடுமா? இருமல் பிடித்துக்கொண்டது. தலையணையில் வாயைப் புதைத்து இருமினாள். அப்படியும் ஒருநாள் சத்தம் வெளியே வந்துவிட்டது.

உடனே இலிர் கூப்பிட்டான். "அக்கா, இருமினது யாரு?"

"நான்தான்டா."

"உன் வாய் அசையலையே."

மைலிண்டா சீறினாள். "மூடிக்கிட்டு இருமினேன். என் வாயையா உத்துப் பாத்துக்கிட்டு இருக்கே? வேற வேலை இல்லையா உனக்கு?"

அவன் சிரித்தான். அதோடு விட்டிருக்கலாம். நல்ல பிள்ளையாயிற்றே, போய் பெட்ரித்திடம், அக்காவுக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று சொல்லி வைத்தான்.

மறுநாள் சாயங்காலம் பெட்ரித் இருமலுக்குக் குடிக்கும் மலைத் தேயிலையும் ஆரஞ்சுப் பழமுமாக வந்து கதவைத் தட்டினான். அவள் சில்வியாவாக ஒரு கிழவரிடம் பேசிக்கொண்டே கதவைத் திறந்தாள். அவன் அடுப்பருகே உட்காரக்கூட இல்லை, உள்ளேயிருந்து இருமல் வந்தது. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே வந்தது. பெட்ரித் படுக்கையறைக் கதவைப் பார்த்தான், பிறகு தங்கையைப் பார்த்தான். பையைக் கீழே வைத்துவிட்டு நடந்தான்.

"அண்ணா, கேமரா ஓடுது," என்றாள் மைலிண்டா. "இலிர் பாத்துக்கிட்டிருக்கான்."

அவன் நின்றான். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். கேமராவைப் பார்த்துத் தம்பிக்குக் கையசைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். "நீ வேலைய முடிம்மா. அவசரமில்ல, நான் இருக்கேன்."

ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிந்தால் கேமரா தானாக அணைந்துவிடும். மணி ஆறாகப் போகிறது. வீடோ நான்காவது மாடி, எர்மிரா எங்கே குதிப்பாள்?

மைலிண்டா அந்தக் கிழவரின் அழைப்பை எனக்கு மாற்றிவிட்டாள். மாற்றும்போது சில்வியாவின் அதே உற்சாகக் குரலில், "இவரைக் கொஞ்சம் கவனித்துக்கொள், என் அண்ணன் ஆரஞ்சு கொண்டுவந்திருக்கிறார்," என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. கிழவரை அப்படியே விட்டுவிட்டுப் போலீஸைக் கூப்பிட்டேன். அவர்கள் வருவதற்குள் ஆறு ஆகிவிடுமே! வேறு வழியில்லாமல் இலிரைக் கூப்பிட்டேன்.

"மைலிண்டா கேமராவை அணைய விடாதே."

"ஏன்? அண்ணன்தானே வந்திருக்காரு."

சொன்னால் பகையாளியிடமே காட்டிக்கொடுத்ததாகுமோ என்று பயம்தான். ஆனாலும் சொன்னேன். "எர்மிரா உள்ள இருக்கா."

அவன் மெதுவாகக் கேட்டான். "அண்ணி உயிரோடவா இருக்காங்க?" அழுதான் என்றுதான் நினைக்கிறேன். "ஓவர்டைம் போடறேன்," என்று போனை வைத்தான்.

ஆறு மணி தாண்டியும் கேமராவின் பச்சை விளக்கு அணையவில்லை. பெட்ரித் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். மைலிண்டா, கூப்பிட்ட கிழவர்களையெல்லாம் போனை வைத்துவிடாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகப் பேச்சில் இழுத்துப் பிடித்தாள். ஒருவழியாகப் போலீஸ் வந்தது. எர்மிராவை அன்றைக்கே காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள்.

பெட்ரித்தை என்ன செய்தார்கள் என்கிறீர்களா? பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். உடம்பு முடியாத தங்கைக்குப் பழம் வாங்கி வந்து, பொறுமையாகக் காத்திருக்கும் ஒரு அண்ணன்தான் அதில் இருந்தான். மறுநாள் கடையைத் திறந்துவிட்டான்.

இப்போது மைலிண்டா வேலை முடிந்த பிறகும் கேமராவை அணைய விடுவதில்லை. இலிரும் அவளுக்குப் போட்ட ஓவர்டைமை நீக்குவதில்லை. சாப்பிடுவது, துணி மடிப்பது, தூங்குவது எல்லாம் அதன் முன்னால்தான். அணைந்தால் பெட்ரித் படியேறி வந்துவிடுவான் என்கிறாள். போன வாரக் கூட்டத்தில் மேனேஜர் திரையில் அவளைக் காட்டி, முழு மனதோடு சம்மதம் கொடுப்பது என்றால் இப்படித்தான் என்று எங்களைக் கைதட்டச் சொன்னார். எல்லோரும் தட்டினார்கள். மைலிண்டா சிரித்தபடி, வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.