முள்ளுக்கரண்டியும் மீன்முள்ளும்

மகன் பிரான்சிலிருந்து வெள்ளைக்கார மனைவியோடு முல்லைத்தீவுக்கு வந்திருந்தான். மருமகள் முகம் சுளிக்கக் கூடாதென்று எல்லோருக்கும் முள்ளுக்கரண்டி வைத்தேன். என் கணவர் கடற்றொழிலாளி. விரலால் தடவி முள்ளெடுத்தே பழகியவர், அன்று கரண்டியால் மீனை முள்ளோடு விழுங்கிவிட்டார்.

தொண்டையைப் பிடித்துக்கொண்டு துடித்தார். வெறுஞ்சோற்றை உருட்டிக் கொடுத்தேன். முள் இன்னும் ஆழமாக ஏறி, எச்சிலில் இரத்தம் வந்தது.

"மாதாவே, இந்த மனுசனைக் காப்பாத்தும்!" என்று கதறியபடி ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடினேன். வைத்தியர் முள்ளை எடுக்கும்வரை எனக்கு உயிரில்லை.

வெளியே மருமகள் அழுதுகொண்டிருந்தாள். மகன் சொன்னான்: "அம்மா, அவா கையால சாப்பிடப் பழகிக்கொண்டுதான் வந்தவா. நீங்கள் கரண்டி வைச்சோடன பேசாமல் இருந்திட்டா."

இப்போது முள் சிக்கினால் சோற்றுருண்டை கொடுப்பதில்லை; நேரே ஆஸ்பத்திரிதான். விருந்தாளி யாரானாலும், கேட்ட பிறகே கரண்டி வைக்கிறேன்.