எட்டு நட்சத்திரமும் ஏழுமலையின் கட்டைவிரலும்

1. முதல் நாள்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பாய் டிவி கேம் கடை திறந்தபோது நான் அவர் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னைக் கேட்டார். நான் அஞ்சாவதோடு நின்றவள், இங்கிலீஷ் தெரியாது, நாலு பேருக்கு எதிரில் வாய் திறக்கக் கூச்சம் என்று சொன்னேன்.

"அதான்மா வேணும். வாயாடியை வெச்சா பசங்களோட மல்லுக்கு நிப்பா. நீ பேசாம குந்திக்கினு கடியாரத்தைப் பாரு, போதும்" என்றார்.

சின்ன அறை. நாலு டிவி, நாலு கேம் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ரிமோட். கையில் பிடித்து ஆடுகிற பொத்தான் சாமானை எங்கள் கடையில் ரிமோட் என்றுதான் சொல்வோம். மூணாம் நம்பர் பெட்டிக்கு வயசாகிவிட்டது. தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால்தான் சிடி படிக்கும். சிடியைப் பனியன் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைக்கணும், வட்டமாகத் துடைக்கக் கூடாது. முதல் நாள் பாய் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

டிவியில் வருகிற இங்கிலீஷ் எழுத்துப் படிக்கத் தெரியாததால் எல்லாவற்றையும் எண்ணி வைத்திருந்தேன். சண்டை சிடி போட்டதும் வருகிற பட்டியலில் முதல் வரி ஒத்தையாள் ஆட்டம், அதில் எதிராளியைப் பெட்டியே ஆட்டும். கீழ்ப் பொத்தானை ஒரு தட்டு தட்டிக் கீழே போனால் இரண்டு பேர் ஆட்டம். இரண்டு தட்டு போனால் பழகுகிற அறை. மூணு தட்டு போனால் நட்சத்திரம் வரும். மொத்தம் எட்டு நட்சத்திரம், அதில் நாலு எரிந்துகொண்டிருக்கும். நட்சத்திரம் கூடினால் எதிராளிக்கு முரட்டுத்தனம் கூடும், குறைந்தால் சாதுவாகிவிடுவான். ஒரு தடவை மாற்றினால், மறுபடி மாற்றுகிற வரைக்கும் பெட்டி அதை அப்படியே வைத்திருக்கும்.

2. ஒத்தையாள்

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டால் கடை சந்தை மாதிரி ஆகிவிடும். எல்லாருக்கும் இரண்டு பேர் ஆட்டம்தான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனை அடித்து, "இன்னாடா, சோறு துன்னியா இல்லியா" என்று கேட்பதில் இருக்கிற ருசி தனி. பாய்க்கும் அதுதான் பிடிக்கும். ஒரு டிவிக்கு இரண்டு ஆள்.

காலையில் கடை காலியாகக் கிடக்கும். அப்போதுதான் ஏழுமலை வர ஆரம்பித்தார். முப்பது வயசு இருக்கும். உத்திரமேரூரிலிருந்து மாகறல் வழியாகக் காஞ்சிபுரம் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பஸ் கதவில் மாட்டி இடது கை கட்டைவிரல் அடியோடு முறிந்து, மாவுக்கட்டு பிரித்திருந்தார்கள். விரல் மரக்கட்டை மாதிரி விறைத்து நின்றது. பந்தைப் பிடித்து அமுக்கு என்று டாக்டர் சொன்னாராம். பந்து அலுத்துப்போய் இங்கே வந்திருக்கிறார்.

கண்டக்டருக்கு இடது கட்டைவிரல்தான் எல்லாம். டிக்கெட் கட்டுகளை இடது உள்ளங்கையில் அடுக்கிப் பிடிக்கணும். அந்த விரலால் வேண்டிய கட்டின் மேல் டிக்கெட்டை வளைத்துத் தள்ளணும். வலது கை சும்மா கிழிக்கத்தான். கேம் ரிமோட்டிலும் அப்படியே. அடிக்கிற பொத்தான் வலது கைக்கு. ஆளை நடத்துவது, குனிய வைப்பது, தடுப்பது எல்லாம் இடது கட்டைவிரலுக்கு. கீழே அழுத்தி அப்படியே கால் வட்டம் தேய்த்துப் பக்கத்துக்குக் கொண்டுபோய் அடித்தால் கையிலிருந்து நெருப்பு கிளம்பும்.

"ஓனர் தை மாசம் வரிக்கும் டைம் குட்த்துகீறாருக்கா. அதுக்குள்ள விரல் மடங்கலன்னா வேற ஆளைப் போட்டுடுவாரு" என்றார். அவருக்கு அந்த வேலையை விட்டால் வேறு தொழில் தெரியாது. வீட்டில் கைக்குழந்தை.

சாயங்காலம் ஏன் வருவதில்லை என்று நான் கேட்கவில்லை. பசங்களுக்கு முன்னால் அந்த விரலைக் காட்ட அவருக்கு மனசில்லை. எனக்குத் தெரியும், நானும் அந்த ரகம்தான்.

3. நான் செய்த காரியம்

முதல் வாரம் முழுக்கத் தோற்றார். ஒத்தையாள் ஆட்டத்தில் எட்டுப் பேர் வரிசையாக வருவார்கள், கடைசியில் ராஜா. முதல் ஆள் கொண்டைக்காரன், நேராக வந்து நேராக அடிப்பான். ஏழுமலை அவனையே தாண்டவில்லை. தோற்றதும் டிவியில் ஒன்பது, எட்டு, ஏழு என்று எண் இறங்கும். பூஜ்யத்துக்குள் பொத்தானை அழுத்தினால் மறுபடி ஆடலாம். அவர் எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கட்டைவிரலை வலது கையால் நீவிவிடுவார். ஒன்று வந்ததும் அழுத்துவார்.

எனக்கு அந்த எண்ணைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு நாள் அவர் வருவதற்கு முன்னால் சிடி போட்டு, மூணு தட்டு கீழே போய், நாலு நட்சத்திரத்தை ஒன்றாகக் குறைத்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? நல்லதுதானே செய்கிறோம் என்று நினைத்தேன்.

அன்றைக்குக் கொண்டைக்காரன் விழுந்தான். மறுநாள் நாலு பேர். மூன்றாம் நாள் ராஜாவையே கவிழ்த்துவிட்டார். ஆடுகிற ஒவ்வொரு ஆளுக்கும் கடைசியில் ஒரு குட்டிக் கதை வரும். அவருடைய ஆள் கழி சுற்றுகிற ஒரு பொம்பளை. ஜெயித்ததும் தன் ஊர் ஆற்றங்கரைக்குப் போய், கழியை ஊன்றிவிட்டுப் படகில் ஏறிப் படுத்துக்கொள்வாள். ஏழுமலை அதைப் பார்த்துவிட்டு வெளியே போய், எனக்கு ஒரு பொட்டலம் பக்கோடா வாங்கிவந்தார். நான் வாங்கித் தின்றேன். பெருமையாகக்கூட இருந்தது.

அந்த மூணு நாளும் அவருடைய வலது கைதான் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு நட்சத்திரத்தில் எதிராளி சும்மா நிற்பான். தடுக்க வேண்டாம், குனிய வேண்டாம், நெருப்பு வேண்டாம். இடது கட்டைவிரல் ரிமோட்டின் மேல் சும்மா கிடந்தது. அதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

4. மாகறல் வரைக்கும்

ராஜாவையே ஜெயித்தவர் தைக்குக் காத்திருப்பாரா? அடுத்த வாரமே ஓனரிடம் போய், விரல் சரியாகிவிட்டது, ஒரு ட்ரிப் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அது முகூர்த்த நாள். பஸ்ஸில் நிற்க இடமில்லை. டிக்கெட்டைத் தள்ளப் போனால் விரல் கட்டோடு சேர்த்துத் தள்ளியிருக்கிறது. மாகறல் வருவதற்குள் இரண்டு கட்டு கீழே விழுந்து, ஜனங்கள் காலடியில் மிதிபட்டு, பாதிப் பேருக்கு டிக்கெட்டே போடவில்லை. "கண்டக்டர் கையில இன்னா, உலக்கையா கீது?" என்று யாரோ கேட்க, பஸ்ஸே சிரித்திருக்கிறது. தை வரைக்கும் கொடுத்த வாக்கை மாற்றமாட்டேன், ஆனால் அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை என்று ஓனர் சொல்லி அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலையில் வந்து, ரிமோட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். "ராஜாவையே அட்ச்சேன், ஒரு டிக்கெட்டு கியிக்க முடியலக்கா" என்றார்.

வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. எழுந்து போய் சிடி போட்டேன். மூணு தட்டு கீழே போனேன். ஒற்றை நட்சத்திரம் எரிந்தது. வலப்பக்கம் மூணு தட்டு தட்டி நாலாக்கிக் காட்டினேன். மறுபடி ஒன்றாக்கிக் காட்டினேன். ரிமோட்டை அவர் மடியில் வைத்துவிட்டு என் ஸ்டூலுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் ரிமோட்டை எடுத்துப் பெட்டி மேல் வைத்தார். பிறகு, "எப்பத்திலேந்து?" என்றார்.

"கொண்டைக்காரனை அடிச்ச அன்னியிலேந்து, தம்பி."

"பாவம் பாத்தியாக்கா?"

நான் சிடி துடைக்கிற பனியன் துணியை எடுத்து மடித்தேன்.

"பாவம் பாரு, வேணாங்கல. எங்கிட்ட சொல்ட்டு பாரு."

இவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை. எழுந்து போய்விட்டார். இனிமேல் வரமாட்டார் என்று நினைத்தேன். அன்றைக்குக் கடை சாத்திவிட்டு வழக்கம்போல் பாத்திரம் தேய்க்கும்போது பாய் வீட்டுக் கண்ணாடி டம்ளர் ஒன்றை உடைத்தேன்.

5. பழகுகிற அறை

கடை காலியாக இருந்த அடுத்த காலையில் நட்சத்திரத்தை நாலாக்கிவிட்டு நானே ஒத்தையாள் ஆட்டம் ஆடினேன், முதல் தடவையாக. வாசல் கதவைப் பாதி சாத்திக்கொண்டேன். கொண்டைக்காரன் என்னை நாலு அடியில் படுக்க வைத்தான். எண் இறங்கியது. பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. மறுபடி ஆடினேன், மறுபடி விழுந்தேன். எத்தனை தடவை விழுந்தாலும் அவன் சலித்துக்கொள்ளவில்லை, முன்பு வந்த மாதிரியே வந்தான். பத்தாவது தடவை அவன் எப்போது கையை ஓங்குகிறான் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. ஒத்தையாள் ஆட்டம் வெட்கப்படாமல் தோற்பதற்கு ஒரு மறைவான இடம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதை அந்தத் தம்பியிடமிருந்து நான் பிடுங்கியிருக்கிறேன்.

நாலாம் நாள் ஏழுமலை வந்தார். ரிமோட்டை எடுத்து, நட்சத்திரத்தை அவரே இரண்டாக வைத்தார். "இன்னிக்கு ரெண்டு. நாந்தான் ஏத்துவேன்" என்றார். நான் தலையாட்டினேன்.

பழகுகிற அறைக்கு இரண்டு தட்டு என்று மட்டும் காட்டினேன். அங்கே எதிராளி பொம்மை மாதிரி நிற்பான். நாம் அழுத்துகிற பொத்தானெல்லாம் டிவி ஓரத்தில் அம்புக்குறியாக விழும். அம்புக்குறி படிக்க இங்கிலீஷ் வேண்டாம். கீழ், சாய்வாகக் குறுக்கு, பக்கம் என்று மூணு அம்பு விழுந்தால் நெருப்பு. அவருக்குக் கீழும் பக்கமும் விழுந்தது, நடுவில் குறுக்கு விழவில்லை. விரல் அந்த இடத்தில் தூக்கிக்கொண்டது. தினம் முக்கால் மணி நேரம் அதே மூணு அம்பு. பாய் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாமா, இவுரு சண்டையும் போடல, தோக்கவும் இல்ல. சும்மா நிக்கிறவனப் பாத்துக்கினு கீறாரு. இதுக்கு வாடகையா?" என்றார். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்துக்கு அவர் ஒரு நாளும் காசு கேட்கவில்லை.

கார்த்திகை தீபத்துக்கு முன்னால் குறுக்கு அம்பு விழுந்தது. நெருப்பு கிளம்பிப் பொம்மை மேல் பட்டது. ஏழுமலை திரும்பி என்னைப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி சிடி துடைத்தேன்.

பிறகு ஆட்டம். வரிசையாக வருகிற ஒவ்வொரு ஆளும் விரலுக்கு ஒரு வேலை வைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். இரண்டாமவன் தடுக்கக் கற்றுக்கொடுத்தான். மூணாமவன் காலில் அடித்துக் குனியக் கற்றுக்கொடுத்தான். ஐந்தாமவள் தூரத்தில் நின்று நெருப்பு கேட்டாள். முன்பு கற்றதை வைத்துக்கொண்டால்தான் அடுத்தவனைத் தாண்ட முடியும். எங்களிடம் இன்னொரு சண்டை சிடி இருந்தது. அதில் ராஜா நாம் பொத்தானை அழுத்தும் முன்பே அறிந்துகொண்டு தடுத்துவிடுவான். அதை யாரும் இரண்டாம் தடவை கேட்டதில்லை. கொண்டைக்காரன் சிடியில் தோற்றால் ஏழுமலை, "நான் அவசரப்பட்டேங்கா" என்பார். அந்த சிடியில் தோற்றவர்களெல்லாம் பெட்டியைத் திட்டினார்கள்.

நட்சத்திரம் மூணு ஆனது, நாலு ஆனது. மார்கழி முடியும்போது ஐந்து. ஐந்தில் ராஜாவிடம் கடைசி வரை ஜெயிக்கவில்லை. தை பிறந்தது, அவர் வருவது நின்றது. நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் கூச்சம்.

6. நேராகக் கிழிந்த டிக்கெட்டு

மாசி மாசம் புது ரிமோட் வாங்கிவர பாய் என்னைக் காஞ்சிபுரம் அனுப்பினார். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கூட்டத்தை இடித்துக்கொண்டு பின்னாலிருந்து கண்டக்டர் வந்தார். ஏழுமலை.

"எங்கக்கா?"

"காஞ்சிபுரம், தம்பி."

அவர் தன் கையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். இடது கட்டைவிரல் கட்டின் மேல் கீழே அழுத்தி, குறுக்கே தேய்த்து, பக்கத்துக்கு ஒதுங்கியது. ஒரே ஒரு டிக்கெட் எழும்பியது. கிழித்துக் கொடுத்தார். நான் காசு நீட்டினேன். வாங்கிக்கொண்டு, மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். பக்கத்து அம்மா, "தெரிஞ்சவரு மாதிரி பேசினாரு, காசு வாங்கிக்கினாரே" என்றார். நான் சிரித்துக்கொண்டேன். டிக்கெட்டின் ஓரம் பிசிறில்லாமல் நேராக இருந்தது.

நான் இறங்கும்போது அவர் படியில் நின்று, மெதுவாக, "அஞ்சு நட்சத்திரத்து ராஜா பாக்கி கீறான்கா, லீவு நாள்ல வரேன்" என்றார்.

இப்போது கேம் செய்வதற்கே படிக்கிறார்களாம். அப்படிப் படிக்கிற பிள்ளைகளுக்கு, கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முதுகுகளையே பார்த்திருந்தவள் சொல்ல ஒன்று உண்டு. தனியாக ஆட வருகிறவன் ஜெயிக்கிறதுக்கு மட்டும் வருவதில்லை. யாரும் பார்க்காமல் தோற்கவும் வருகிறான். அவனைத் தோற்க விடுங்கள். ஏன் தோற்றான் என்று அவனுக்குத் தெரியும்படி விடுங்கள். நட்சத்திரத்தைக் குறைக்கிற வழியையும் வையுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் அதை அவன் கண்ணுக்கு முன்னால் வைத்து, அவன் விரலாலேயே குறைத்துக்கொள்ள விடுங்கள். என்னை மாதிரி அவனுக்குத் தெரியாமல் குறைத்துவிடாதீர்கள்.