நீலப் பட்டையின் தடிமன்

ஜூன் 1: தாஷ்-போஸ் 310, கோக்-தாலா 200.
ஜூன் 16: தாஷ்-போஸ் 385, கோக்-தாலா 200.
ஜூலை 1: தாஷ்-போஸ் 460, கோக்-தாலா 198.

வினாடிக்கு இத்தனை லிட்டர் என்பது கணக்கு. எங்கள் வாய்க்காலில் இந்த இரண்டு ஊர்களுக்கான மதகுகளிலும் அளவுகோலைப் பார்த்து முப்பத்தெட்டு ஆண்டுகளாக எழுதி வருகிறேன். அந்த மதகுகளைத் திறந்து மூடுபவர் புருல்ச்சா. அவரை எஜே (அக்கா) என்றும் என்னை பைகே (அண்ணன்) என்றும் ஊரில் கூப்பிடுவார்கள். வயது ஐம்பத்து நான்கு, ஊர் கோக்-தாலா. இரண்டு ஊருக்கும் தண்ணீரைப் பங்கிட்டு விடும் முராப் வேலையைப் பதினொரு ஆண்டுகளாகப் பார்க்கிறார். கணவர் இறந்த மறுமாதம் ரப்பர் பூட்சை மாட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கியவர். தன் வயலுக்கு எப்போதும் கடைசியாகத்தான் பாய்ச்சுவார்.

2021 கோடையில் எங்கள் தண்ணீர்ச் சங்கத்து எர்மெக், என் எண்களைக் கணினியில் ஏற்றி, எல்லோரும் கைபேசியில் பார்க்கும்படி ஒரு டாஷ்போர்டு செய்தார். தண்ணீர் நிரம்பியதுபோல் இருக்கட்டும் என்று, நிறம் நிரப்பிய பரப்பு வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தார். கீழே தாஷ்-போஸ், பழுப்பு. அதன்மேல் அடுக்கியது கோக்-தாலா, நீலம். ஒரே மாதத்தில் நீலத்தின் மேல்விளிம்பு 510இலிருந்து 658க்கு ஏறியது.

புதிதாக பீன்ஸ் போட்டதால் தாஷ்-போஸுக்குத்தான் கூடுதல் பங்கு ஒதுக்கியிருந்தோம். ஆனால் படத்தைப் பார்த்த அவ்வூர்க்காரர்கள் கொதித்துப்போனார்கள். புருல்ச்சா சொந்த ஊருக்குத் தண்ணீரைத் திருப்புகிறார் என்று ஜூலை 3 அன்று மாவட்டத்துக்கு மனு போனது. விசாரணை முடியும்வரை மதகுச் சாவியை ஒப்படைக்கும்படி 8ஆம் தேதி உத்தரவு வந்தது.

11ஆம் தேதி, ஞாயிறு, மனு எழுதிய சாபர்பெக்கின் வீட்டில் கூட்டம். எண்களை வாசித்தேன்.

“நோட்டை யாரு கேட்டா, பைகே? படம்தான் கண்ணு முன்னாடி நிக்குதே. நீலம் மலை மாதிரி ஏறுது,” என்றார் சாபர்பெக்.

“புருல்ச்சா எஜே வீட்டு ஆடுகூட நீச்சல் பழகிருச்சாம்,” என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது.

புருல்ச்சா சிரிக்கவில்லை. எழுந்து சுவரோரம் போனார். அங்கே பெட்டியின் மேல் மெத்தைகளை மடித்து அடுக்கியிருந்தார்கள். தரையில் கிடந்த இன்னும் இரண்டை எடுத்து அடுக்கின் அடியில் செருகினார். உச்சியிலிருந்த சிவப்பு மெத்தை கூரையை நெருங்கியது.

“இது உன் பொண்டாட்டி தச்சதுதானே, சாபர்பெக்? இப்ப இது குண்டாயிருச்சா?”

“மெத்தை எப்படிக் குண்டாகும்? அடியில சொருகினீங்க, மேல ஏறுச்சு.”

“எங்க ஊரும் அப்படித்தான். நீலத்தோட உச்சிய பாக்காதீங்க, தடிமன பாருங்க. அடியில பெருத்தது உங்க பழுப்பு.”

தேநீரோடு வந்த சாபர்பெக்கின் மனைவி, “தெனம் பதினாறு மெத்தை அடுக்குறவ நான். என்னைக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே,” என்றார். சாபர்பெக் கைபேசியை எடுத்து, விரலால் நீலத்தை அளந்து பார்த்தார்.

“தப்பு என்னோடது, எஜே. அழகா இருக்கேன்னு போட்டேன்,” என்றார் எர்மெக்.

அன்று மாலையே படத்தை மாற்றினார். வாய்க்காலில் ஓடும் மொத்தத்துக்கு மட்டும் ஒற்றை நிறப் பரப்பு. ஊர்ப் பங்குகளுக்குத் தனித்தனிக் கோடு. பரப்பு வரைபடத்தின்மேல் எனக்குக் குறையில்லை. மொத்தம் ஏறி இறங்குவதை அது நன்றாகவே காட்டுகிறது. அடுக்கின் மேலே இருப்பவரின் பங்கை அதில் தேடக் கூடாது, அவ்வளவுதான்.

சாபர்பெக் மனுவைத் திரும்பப் பெற்றார். மாவட்டத்துக் காகிதம்தான் வரவில்லை. சாவி இல்லாமலே புருல்ச்சா தினமும் வந்து, மதகில் சிக்கிய முள்ளையும் பாட்டில்களையும் வாரிப் போட்டார்.

“வேலைதான் இல்லையே, ஏன் வர்ற?” என்றேன்.

“வீட்ல இருந்தா மருமககூட சண்டை வருது, பைகே.”

சாவியை அவரிடமே கொடுக்கச் சொல்லும் கடிதம் வந்து சேர்ந்த நாள்: 2021 ஜூலை 29, வியாழன்.