மாங்காய் மண்டித் தராசில் ஏறிய ரேஸ் கார்

என் தங்கை அனுசியாவைப் பற்றி ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வத்திராயிருப்பிலும் இப்போது ஆளாளுக்கு ஒன்று பேசுகிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் கொத்தனார். பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஆனால் சுவர் ஒரு நூல் கோணினாலும் இடித்துவிட்டு மறுபடி கட்டுவேன். அவளும் அப்படித்தான். எனக்கு அதில் பெருமை, மறைக்கப் போவதில்லை.

டிப்ளமோ முடித்ததும் மதுரையில் ஒரு வீல் அலைன்மென்ட் கடையில் வேலைக்குப் போனாள். ரேஸ் ஓட்டுகிறவர்கள் அங்கே வண்டி விடுவார்கள். ஷாக் அப்சர்பரைக் கழற்றி, எண்ணெய் மாற்றி, ஓட்டுகிறவர் கேட்கிறபடி இறுக்கவும் தளர்த்தவும் அங்கேதான் கற்றாள். பிறகு ஊருக்கு வந்து, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகிற ரோட்டில் தகரக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்தாள். டாக்சி, லோடு வண்டி வேலைகளில் வாடகை கட்டினாள். ஆசை மட்டும் ஸ்பிரிங்கிலும் ஷாக்கிலும்தான். கண்ணை மூடி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருவாள். இறங்கியதும் எந்தச் சக்கரத்தில் சத்தம் என்று சொல்லிவிடுவாள்.

அவளிடம் கௌதம்ராஜ் வந்தார். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஃபேக்டரி வைத்திருக்கிறார். செகண்ட் ஹேண்டில் இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கியிருந்தார். கோயம்புத்தூர் டிராக்கில் ஓட்ட வேண்டும், ஸ்பிரிங்கும் ஷாக்குமான ஒரிஜினல் சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டு வேறு போட வேண்டும் என்றார்.

"இருக்கிறதிலேயே டைட்டான செட்டு போடுங்க. கல்லு மாதிரி இருக்கணும்."

"கல்லு வேணும்னா எங்க அண்ணன்கிட்ட கேளுங்க, லோடு கணக்குல இறக்குவாரு" என்றாள். "ஸ்பிரிங் அம்புட்டு இறுகலா இருந்தா சக்கரம் துள்ளும். தரையைத் தொடாத சக்கரம் எப்படித் திரும்பும்? டிராக்குக்கு எப்பவாவதுதான் போவீங்க. மத்த நாளு இந்த ரோட்டு ஸ்பீடு பிரேக்கர் மேலதானே போகணும்?"

கடைசியில் நடுத்தரமான ஸ்பிரிங்கும், திருகினால் உயரம் கூடிக் குறையும் ஷாக்குமாக ஒரு செட்டு அவளே தேர்ந்தெடுத்து வரவழைத்தாள்.

மாட்டினால் மட்டும் போதாது. நாலு கால் பெஞ்சில் ஒரு கால் குட்டையாக இருந்தால் பெஞ்சு ஆடும். காரில் ஸ்பிரிங் இருப்பதால் ஆட்டம் வெளியே தெரியாது. ஆனால் எதிர் எதிர் மூலையில் இருக்கும் இரண்டு சக்கரங்கள் கூடுதல் பாரம் தாங்கும், மற்ற இரண்டும் சும்மா உருளும். அதனால் நாலு சக்கரத்துக்கு அடியிலும் தராசு வைத்து, ஒவ்வொரு மூலையாகத் திருகித் திருகிச் சமப்படுத்த வேண்டும். அதற்கென்று விற்கிற தராசு அவளிடம் இல்லை. எங்கள் தாய்மாமா ஐயாதுரை வத்திராயிருப்பில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறார். கேட்டதும் நாலு பிளாட்பாரத் தராசை லோடு ஆட்டோவில் அனுப்பினார்.

"நம்ம புள்ளைக்கு இல்லாததா?" என்றார். அன்றைக்கு அது இனித்தது.

நான் மட்டம் பார்க்கிற குழாயில் தண்ணீர் பிடித்து நாலு தராசும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி பலகை கொடுத்தேன். அவள் டிரைவர் சீட்டில் கௌதம்ராஜை உட்கார வைத்து, ஒரு பகல் முழுக்கத் திருகினாள். திரையில் எண்கள் சரியாக வந்தன.

வண்டிதான் சரியாக வரவில்லை. ஃபேக்டரிக்குப் பின்னால் இருக்கிற சிமெண்டுத் தரையில் கௌதம்ராஜ் ஓட்டிப் பார்த்தார். வலது பக்கம் ஒடித்தால் மூக்கு திரும்ப மறுத்தது. இடது பக்கம் ஒடித்ததும் பின்பக்கம் விலகி, ஒரு முழுச் சுற்று சுற்றி, துணி பேல் கட்டுகள் மேல் போய் முட்டி நின்றது. ஆளுக்கு அடி இல்லை.

"சனிக்கிழமை வரைக்கும் பாருங்க அனுசியா" என்றார். "அப்பவும் இப்படியே இருந்தா கோயம்புத்தூர்லயே செஞ்சுக்கிறேன். என்கூட ரேஸ் ஓட்டுற பசங்க உங்களைப் பத்திக் கேட்டுக்கிட்டு இருக்காங்க. அவங்களுக்கு நான் என்ன சொல்ல?"

அவர் கேட்டதில் தப்பில்லை. அதே நாள் வத்திராயிருப்பு டீக்கடையில் ஐயாதுரை மாமா சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை. "கரண்டி பிடிக்கிற கையில ஸ்பேனரைக் குடுத்தா காரு சுத்தத்தான் செய்யும்." கேட்டவர்கள் சிரித்ததாகவும் எனக்கு வந்து சொன்னார்கள்.

அனுசியா எல்லாவற்றையும் கழற்றினாள். ஸ்பிரிங்கை அளந்தாள், ரப்பர் புஷ்ஷைப் பார்த்தாள், அலைன்மென்ட் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. சாப்பிடாமல் செத்த நேரம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இதுல ஏறு. பொறவு அதுல ஏறு."

ஏறினேன். இரண்டு தராசில் எழுபத்தொரு கிலோ. மற்ற இரண்டிலும் அறுபத்தெட்டு. அந்த இரண்டையும்தான் அவள் அறியாமல் முன் இடது சக்கரத்துக்கும் பின் வலது சக்கரத்துக்கும் அடியில் வைத்திருந்தாள். குறைத்துக் காட்டிய மூலைகளில் பாரம் போதவில்லை என்று நினைத்து, இன்னும் இன்னும் ஏற்றியிருக்கிறாள்.

மாமாவுக்குப் போன் போட்டேன். பழுது என்றுதான் நினைத்தேன்.

"பழுதெல்லாம் இல்ல மாப்ள. அது வாங்குற தராசு. விக்கிற தராசு நாலுன்னு கேட்டிருந்தா பாத்து அனுப்பியிருப்பேன்ல?" என்றார், குடையை மாற்றி எடுத்துப் போனவனிடம் சொல்கிற மாதிரி.

மாங்காய் போடுகிறவர்களுக்கு எடையைக் குறைத்துக் காட்டுகிற தராசு. எங்கள் அப்பா கருத்தையா வருடா வருடம் அந்த மண்டியில்தான் மாங்காய் போடுகிறார். மச்சினன் மண்டி என்று ஒரு நாளும் திரும்பி நிறுத்துப் பார்த்தது கிடையாது.

அன்று சாயங்காலம் மாமா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அனுசியா பக்கம் திரும்பாமல் என்னிடம் பேசினார்.

"தராசு பேச்சை வெளிய எடுக்காதீங்க. பொட்டப் புள்ள, கை இன்னும் பழகலைன்னா ஊரு நம்பிரும். எனக்குன்னா தொழிலே போயிரும்."

"அவளுக்கு மட்டும் தொழில் இல்லையா மாமா?"

"ஏலே, அவ நாளைக்கே கல்யாணம் பண்ணிப் போறவ."

அம்மா பரிபூரணம் தம்பி பக்கம்தான் நின்றாள். "அவிய குடும்பம் தெருவுல நிக்கணுமா? ஏட்டி, தெரியாமப் பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. கொறைஞ்சா போயிருவ?" அப்பா வாசலில் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் கத்தினேன். கத்தி என்ன ஆகப்போகிறது.

மறுநாள் அனுசியா சரியான இரண்டு தராசை மட்டும் வைத்து வேலையைத் தொடங்கினாள். மற்ற இரண்டு சக்கரத்துக்கு அதே உயரத்தில் நான் கட்டை அடுக்கி மட்டம் பார்த்தேன். முதலில் முன் சக்கரங்கள், பிறகு பின் சக்கரங்கள், மறுபடி முன் சக்கரங்கள் என்று மாறி மாறி எடை பார்த்தாள். கடைசியாக ஷாக்கின் திருகையும் இரண்டு கிளிக் தளர்த்தினாள்.

சனிக்கிழமை கௌதம்ராஜ் இரண்டு நண்பர்களோடு வந்தார். மாமாவும் தராசுகளை ஏற்றிப்போக லோடு ஆட்டோவோடு வந்து நின்றார். தராசு ஏற்ற வந்தவரா, எங்கள் வாயைக் காவல் காக்க வந்தவரா என்று எனக்குத் தெரியும். கௌதம்ராஜ் காரை எடுத்துக்கொண்டு கிருஷ்ணன்கோவில் வரை போய்த் திரும்பினார். பிறகு கொட்டகைக்குப் பக்கத்துக் காலி மனையில் வலமும் இடமுமாக எட்டுப் போட்டார். இறங்கும்போது முகம் மாறியிருந்தது.

"ரெண்டு பக்கமும் ஒண்ணு போலத் திரும்புது. என்னதாங்க தப்பு இருந்துச்சு?"

மாமா என்னைப் பார்த்தார். நான் தங்கையைப் பார்த்தேன்.

"தராசைச் சோதிக்காம வச்சது என் தப்பு" என்றாள் அனுசியா. மாமா மூச்சு விட்டார். அவள் நிறுத்தவில்லை. "நாலுல ரெண்டு கொறைச்சுக் காட்டுது. அதை நம்பித் திருகிட்டேன்."

"யார் தராசு?"

"எங்க மாமா மண்டித் தராசு. வாங்குற தராசு. எங்கப்பா மாங்கா போடுறது அதுலதான்."

குரலை உயர்த்தக்கூட இல்லை. லோடு ஆட்டோ ஓட்டி வந்த சதீஷ் வத்திராயிருப்புக்காரன். அவன் வீட்டு மாங்காயும் அதே மண்டிக்குத்தான் போகிறது. தூக்கிய தராசைக் கீழே வைத்துவிட்டு, தானே அதில் ஏறி நின்றான். பிறகு அடுத்ததில் ஏறினான்.

"ஏன் அண்ணாச்சி, இங்கிட்டு இருந்து அங்கிட்டுப் போறதுக்குள்ள நான் இளைச்சுட்டேனா?"

அன்றைக்கே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. இப்போது மண்டியில் மாங்காய் போடுகிறவர்கள் முதலில் தாங்கள் ஏறி நின்று பார்க்கிறார்களாம். மாமா எங்கள் வீட்டுப் படி மிதிப்பதில்லை. அம்மா அனுசியாவோடு பேசுவதில்லை. சொந்தக்காரர்கள் என்னிடம் வருகிறார்கள். மூத்தவன் நீதான் அவளைக் கூட்டிப்போய் மாமாவிடம் மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டுமாம்.

எதற்கு? அவள் தன் தப்பை ஆள் முன்னால் ஒப்புக்கொண்டாயிற்று. அவர் தன் தப்பை அவள் தலையில் வைக்கப் பார்த்தார். அவளைக் கூட்டிக்கொண்டு நான் எங்கேயும் போவதாக இல்லை. கௌதம்ராஜின் நண்பருடைய கார் கொட்டகையில் நிற்கிறது, அவளுக்கு நேரமும் இல்லை. மன்னிப்புத்தான் முக்கியம் என்றால், இத்தனை வருடம் எடை குறைத்ததற்கு ஐயாதுரை மாமா வரட்டும். அப்பா அதே வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார்.